நாற்பத்தொரு டோக்கன்

நாற்பத்தொரு ஆஸ்பத்திரித் தலைவர்களை, ஒரே காலையில், கையில் டோக்கனைக் கொடுத்து, மூன்று மணி முப்பத்திரண்டு நிமிடம் காக்க வைத்தவன் நான். அதில் ஒருவர் கண்ணீர் விட்டு அழுதார். இரண்டு பேர் காத்திருந்த இடத்திலேயே சம்பந்தி ஆனார்கள். நாட்டிலேயே பெரிய ஆஸ்பத்திரியின் தலைவர் காவலாளியின் சட்டையைத் தொட்டு, "அண்ணே, எந்த நம்பர் ஓடுது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மூன்றாவது கண் ஒன்று இருந்திருந்தால் அதற்கும் அன்று ஓய்வு கிடைத்திருக்காது.

"காதுல பூ சுத்தாதீங்க மாப்பிள்ளை" என்றார் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், மருத்துவச் செலவு கேட்டு வரும் மனுக்களைத் தள்ளுபடி செய்வதையே முப்பது வருடம் உத்தியோகமாகப் பார்த்து ஓய்வு பெற்றவர். காலில் கட்டோடு ஒருவன் நேரில் வந்து நின்றாலும், "உடைஞ்சது போன வருஷமா இருக்கலாமே" என்பார். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் 'ஆதாரம்'. குழம்பில் உப்பு கம்மி என்று நான் சொன்னால்கூட ஆதாரம் கேட்பார். கொடுத்தால், போதாது என்பார்.

"நாப்பத்தொரு பேரு. அத்தனை பேரும் தலைவருங்க. வரிசையில. அதுவும் நீங்க நிக்க வெச்சீங்க. நீங்க!"

அந்தக் கடைசி 'நீங்க'வில் ஒரு நியாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் அவர்களும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். அதே கட்டடம், அதே பெஞ்சு, அதே வாத்தியார். அவர்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குத் தலைவர் ஆனார்கள். நான் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் நிலவறையில் நோயாளிகளின் பழைய கோப்புகளுக்குத் தலைவன் ஆனேன். கோப்புகள் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அதனால் எனக்கு ரத்த அழுத்தமும் வரவில்லை. பழைய மாணவர் சங்கத்தில் என் பெயர் 'நாற்காலி'. பதினெட்டு வருடமாக ஆண்டுக் கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறவன் நான்தான். மற்றவர்கள் அதில் உட்காருகிறவர்கள்.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு வாய் இனிக்கிறது.

படித்த கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். குடிதண்ணீர் இயந்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதன் மேல் பதித்த கல்வெட்டு இயந்திரத்தைவிட அகலம். திறப்பு விழா அன்று தண்ணீர் வந்தது. அதோடு சரி. நூலகத்துக்கு ஒரு அலமாரி கொடுத்தார்கள். அதில் கொடுத்தவர்களின் பெயர்கள் முப்பத்தாறு, புத்தகங்கள் பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்பது, தலைவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவை. மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. மாணவர்கள் முதல் மாடிக்குப் போவதற்குள் இருபத்து நாலு நிர்வாகிகளை மிதித்துவிட்டுத்தான் போக முடியும். கொடுத்ததிலேயே உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

கைப்பேசியில் அவர்களுக்கு ஒரு குழு இருந்தது. காலையில் பூப்படம், மதியம் விருது வாங்கும் படம், சாயங்காலம் அதற்கு மற்றவர்களின் கைதட்டல் படம். நாற்பது பேர் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டே வட்டமாக உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் குழு. எனக்குச் சொறிய யாரும் இல்லாததால் சுவரில் தேய்த்துக்கொள்வேன்.

போன வருடம் அந்தக் குழுவில் ஒரு வேண்டுகோள் வந்தது. எழுதியவர் எங்கள் பழைய கல்லூரியில் அதே முதுகலைப் படிப்பு படிக்கும் ஒரு நர்ஸ். நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருடம் வார்டில் ஓடியாடியவர், வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்தார். எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே. இரண்டாம் வருடம் முழுவதும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில், தலைவருக்குக் கீழே பயிற்சி பெற வேண்டும் என்பது அந்தப் படிப்பின் விதி. ஓர் ஆஸ்பத்திரித் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் கல்லூரி அலுவலகத்துக்கு வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். படித்த ஒரு வருடமும் போச்சு, விட்டுவிட்டு வந்த வேலையும் போச்சு.

நாற்பத்தொரு பேரிடமிருந்து பதில் வந்தது. "பெருமையாக இருக்கிறது." "கனவைத் துரத்துங்கள்." "உங்களைப் போன்றவர்கள்தான் நாளைய நம்பிக்கை." ஒருவர் தாமரைப் படம் அனுப்பிக் காலை வணக்கம் சொன்னார். இடம் தருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எலும்பு ஆஸ்பத்திரித் தலைவர் மட்டும், "இடம்தானே? என் செயலாளர்கிட்ட பேசுங்க" என்றார். செயலாளர், மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். மின்னஞ்சலுக்கு, 'விடுமுறையில் இருக்கிறேன்' என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அந்த மனிதர் ஐந்து மாதமாக விடுமுறையில் இருந்தார்.

"அதுக்கென்ன செய்ய முடியும்? அவங்களுக்கு ஆயிரம் வேலை" என்றார் ஆதாரம். தள்ளுபடி செய்கிறவர்கள் எங்கே இருந்தாலும் அவருக்குச் சொந்தக்காரர்கள்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் ஆண்டுக் கூட்டமும். அந்த வருடத்து நன்கொடை ஒரு கண்ணாடிச் சுவர். படிப்புக்கு உதவி செய்தவர்களின் பெயர்களைப் பொறித்த சுவர் என்றார்கள். சுவரைத் தவிர வேறு எந்த உதவியும் செய்யாததால், சுவர் கொடுத்தவர்களின் பெயர்கள் சுவரில் இருந்தன. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஏழு மாதம் சண்டை நடந்தது. கத்தியும் ரத்தமும்தான் பாக்கி.

சிஸ்டருக்காக நான் சங்கத் தலைவரைப் போனில் கூப்பிட்டேன். அவரே பெரிய ஆஸ்பத்திரியின் தலைவரும். அதனால் நாங்கள் அவரைப் 'பெரியவர்' என்போம். மனசால் அல்ல, கட்டடத்தால்.

"கூட்டத்துல அந்த சிஸ்டர் பத்து நிமிஷம் பேசட்டுமே சார். எல்லாரும் ஒரே இடத்துல இருப்பீங்க."

"பத்து நிமிஷமா? நாற்காலி, நிகழ்ச்சி நிரலைப் பாத்தீங்களா இல்லையா? பாராட்டு மட்டும் பதினொண்ணு இருக்கு. அதுல எனக்கே நாலு. எங்கேர்ந்து குடுக்கிறது?"

இதை நான் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வு புறநோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைப் பற்றியது. பெரியவருடைய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து, எந்தக் கவுண்டரில் எத்தனை நிமிடம் என்று குறித்து வைத்திருந்தார். அங்கே சுவரில் மாட்டியிருந்த நடைமுறைத் தாளையும் அச்சு அசலாக நகல் எடுத்திருந்தார். அந்த நடைமுறைக்குப் பெரியவர் விருது வாங்கியவர். தாளின் மூலையிலேயே விருதின் முத்திரை இருந்தது.

சிஸ்டர் கோபப்படவில்லை. பத்தொன்பது வருடம் வார்டில் இருந்தவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வராது, யோசனைதான் வரும்.

"பேச வேண்டாம் சார்" என்றார். "அவங்க கொஞ்சம் காத்திருக்கட்டும். அது போதும்."

"ஆக, யோசனை அந்தம்மாவோடது!" என்று ஆதாரம் துள்ளினார். "நீங்க எங்க வர்றீங்க இதுல?"

"நாற்காலியை யார் போட்டது?" என்றேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அத்தனை தலைவர்களும் வந்து இறங்கினார்கள். கார்க் கதவுகள் சாத்திய சத்தத்தில் பக்கத்துத் தெருவில் குழந்தைகள் விழித்துக்கொண்டன. கூடத்து வாசலில் வாடகைக்கு எடுத்த டோக்கன் இயந்திரம். அதற்கு அப்பால் நான்கு கவுண்டர்கள், ஒவ்வொன்றிலும் சிஸ்டரோடு படிக்கும் ஒரு மாணவர். நடுவில் நான் போட்ட நாற்காலிகள், ஆட்களைவிடப் பத்து குறைவாக. அது பெரியவருடைய ஆஸ்பத்திரிக் கணக்கு.

ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன்: "கண்ணாடிச் சுவரில் தங்கள் பெயர், பட்டம், எழுத்தின் அளவு ஆகியவற்றைச் சரிபார்க்க, டோக்கன் பெற்றுக்கொண்டு கவுண்டர் ஒன்றுக்கு வரவும்."

பாய்ந்தார்கள். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வெளியேறச் சொன்னால்கூட மனிதர்கள் அவ்வளவு வேகமாகப் போக மாட்டார்கள். பெரியவர் இரண்டு பேரின் தோளை விலக்கி, "தலைவருக்குத்தான் முதல் டோக்கன்" என்று ஒன்றாம் எண்ணைப் பிடுங்கினார். நாற்பத்தொன்று வந்ததும் இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்தது. அதனால்தான் எனக்குக் கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

கவுண்டர் ஒன்றில் படிவம் கொடுத்தார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்ய பேனா இல்லை. கவுண்டர் இரண்டில், படித்த ஆண்டைச் சரிபார்க்க கவுண்டர் மூன்றின் சீல் வேண்டும் என்றார்கள். கவுண்டர் மூன்றில் சீல் இருந்தது, சீல் வைப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். சீல் வாங்கித் திரும்பினால், படிவம் பழைய நிறம், புதிய நிறம் கவுண்டர் ஒன்றில். கண் ஆஸ்பத்திரித் தலைவர் அழுதது அப்போதுதான். கடைசிக் கவுண்டரான நான்கு திறக்கவே இல்லை. 'சற்று நேரத்தில்' என்று ஒரு அட்டை தொங்கியது. அதுவும் நடைமுறைத் தாளில் உள்ளபடிதான்.

இந்த மனிதர்கள் வாழ்நாள் முழுக்க வரிசைகளை உருவாக்கியவர்கள், ஒன்றில்கூட நின்றதில்லை. ஒரு மணி நேரத்தில் அசல் நோயாளிகளாகிவிட்டார்கள். கைக்குட்டை போட்டு நாற்காலி பிடித்தார்கள். "ஒரே ஒரு சந்தேகம்தான் கேக்கணும்" என்று பக்கவாட்டில் நுழையப் பார்த்தார்கள். "எனக்கு டீனைத் தெரியும்" என்றார் ஒருவர். "எனக்கும் தெரியும், லைன்ல வாங்க சார்" என்றார் காவலாளி. தாகம் எடுத்தவர்கள் தாங்கள் கொடுத்த தண்ணீர் இயந்திரத்திடம் போய், தங்கள் பெயர்களைப் படித்துவிட்டு, நாக்கு வறண்டு திரும்பினார்கள். பதினேழாம் டோக்கனும் பதினெட்டாம் டோக்கனும் பேச்சு கொடுத்து, பையன் படிப்பு, பெண் படிப்பு என்று போய், பதினொன்றரை மணிக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? எழுந்து போனால் பெயர் தப்பாகப் பொறிக்கப்படும். அந்தப் பயத்தில் இன்னொரு மூன்று மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார்கள்.

பன்னிரண்டு நாற்பத்தேழுக்குக் கவுண்டர் நான்கு திறந்தது. உள்ளே சிஸ்டர். முதலில் வந்தவர் பெரியவர். கால் வீங்கியிருந்தது, சட்டை கசங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு தொழில் வெளிச்சம்.

"யாரும்மா இந்த ஏற்பாட்டைச் செஞ்சது?" என்றார். "ஒரு ஆள் தப்பிக்க முடியல. இத்தனை கூட்டத்துக்கு ஒரு சத்தம் இல்ல. என்ன கட்டுப்பாடு! இதை அப்படியே எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்னு பாக்கறேன்."

"அங்கேர்ந்துதான் சார் கொண்டு வந்தோம்" என்றார் சிஸ்டர், தாளை நீட்டி. விருதின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

பெரியவர் தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். தான் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல், யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்டவரின் முகம்.

"எங்ககிட்ட இவ்வளவு நேரம் ஆகாதே."

"ஆகாது சார். இங்க மூணு மணி முப்பத்திரண்டு நிமிஷம். உங்ககிட்ட மூணு மணி ஐம்பத்தஞ்சு. ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதியிருக்கேன். ஒரு வருஷம் இடம் குடுங்க, நாப்பது நிமிஷமாக் குறைச்சுக் காட்டறேன். ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிடும்."

கூடத்தில் நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கப்பட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பெரியவர் தொண்டையைச் செருமி, "நல்ல முயற்சி. பெருமையா இருக்கு. என் செயலாளர்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

அந்த இடத்தில்தான் நான் வருகிறேன். கண்ணாடிச் சுவரின் மேல் போட்டிருந்த துணியை இழுத்தேன். ஏழு மாதம் சண்டை போட்டு முடிவான பெயர்கள் எல்லாம் கீழே வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முழங்கை உயர எழுத்தில், முதல் வரியில் ஒன்றே ஒன்று: 'பயிற்சிக்கு இடம் தந்தவர்'. அதன் பக்கத்தில் காலி. கண்ணாடிக்காரரிடம் முந்தின நாள் சாயங்காலம் நான் சொல்லிச் செய்த வேலை. என் சொந்தச் செலவு. நன்கொடை என்று நான் கொடுத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

நாற்பத்தொரு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"நான் தர்றேன்!" என்று எலும்பு ஆஸ்பத்திரி கத்தியது. ஐந்து மாத விடுமுறை அந்த நொடியில் முடிந்தது.

அப்புறம் என்ன, சந்தைதான். "எங்க ஆஸ்பத்திரியில தங்க அறையும் தர்றோம்!" "நாங்க கார் தர்றோம்!" "ரெண்டு வருஷம் வெச்சுக்கறோம்மா!" கனவைத் துரத்தச் சொன்னவர்கள் எல்லோரும் சிஸ்டரைத் துரத்தினார்கள். அவர் அசையவில்லை. "டோக்கன் வரிசைப்படி வாங்க" என்றார்.

"ஒண்ணாம் நம்பர் யாரு? நான்தானே? நான்தான்!" என்று பெரியவர் டோக்கனைத் தலைக்கு மேல் ஆட்டினார்.

"ஒரு நிபந்தனை சார். கடிதத்துலயும் எழுதியிருக்கேன். திங்கட்கிழமைதோறும் காலையில நீங்களும் டோக்கன் எடுத்து, நோயாளிங்களோட வரிசையில உக்காரணும். கடைசிக் கவுண்டர் வரைக்கும்."

"சரி சரி. அந்த எழுத்து தங்க நிறத்துல வருமா, வெள்ளையிலயா?"

"தங்கம்" என்றேன் நான், மனமார.

மேசை தேட நேரம் இல்லாமல் என் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். இப்போதும் அந்த இடம் குறுகுறுக்கிறது. சிஸ்டர் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய், பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அலுவலகத்தில் கொடுத்தார். அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அடுத்த நாள் காலை பூப்படம் வராததால் எனக்குப் பொழுது விடிந்ததே தெரியவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு ஆதாரம் நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"போட்டோ இருக்கா?"

"இல்ல."

"டோக்கன் ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா?"

"அவங்கவங்க எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

"அப்ப நடக்கல" என்றார். முப்பது வருடப் பழக்கம். "நாலு பேர் அஞ்சு நிமிஷம் நின்னுருப்பாங்க. மீதியெல்லாம் உங்க வாய்."

ஏழு மாதம் போயிற்று. ஆதாரத்தின் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அவருடைய காப்பீட்டில் பெரியவருடைய ஆஸ்பத்திரிக்குத்தான் போக முடியும். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, எல்லையில் காவலுக்குப் போகிறவர் போலக் கிளம்பினார். இரண்டு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு பாட்டில் தண்ணீர், மூன்று நாள் பேப்பர், கழுத்துக்குத் தலையணை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடி என்னை எதிர்பார்க்காதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார். தூக்கு திறக்கப்படவில்லை. பேப்பர் மடிப்புக் கலையவில்லை. முகம் மட்டும் கலைந்திருந்தது.

"என்னண்ணா, டாக்டர் இல்லையா?" என்றாள் என் மனைவி.

"பாத்தாச்சு."

"படம் எடுக்கச் சொல்லுவாங்களே?"

"எடுத்தாச்சு. மருந்தும் வாங்கியாச்சு. முப்பத்தெட்டு நிமிஷம்." எதையோ பறிகொடுத்தவர் போலச் சொன்னார். தலையணையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை. அப்படியே என் எதிரில் உட்கார்ந்தார்.

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பக்கத்து நாற்காலியில ஒருத்தர்" என்றார் கடைசியில். "கோட்டு போட்டுக்கிட்டு, கையில டோக்கனோட. என்ன உடம்புக்குன்னு கேட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நான்தான் இந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவர்னாரு. திங்கக்கிழமைதோறும் உக்காரணுமாம். அந்தச் சிஸ்டர் கடிதத்தை ஃப்ரேம் போட்டு அவர் ரூம்லயே மாட்டிட்டாங்களாம்."

"அடையாள அட்டை கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டேன். காட்டினாரு." தலையணையைக் கழற்றி மடியில் வைத்தார். "உங்க கதையைச் சொல்லி, உண்மையான்னும் கேட்டேன். மாப்பிள்ளை, நீங்க சொன்னது தப்பு."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்திமூணு. காகிதம் தீர்ந்துபோச்சுன்னு யாரும் சொல்லாம, ரெண்டு பேர் அந்த மிஷின் முன்னாடியே மூணரை மணி நேரம் நின்னுருக்காங்க. டோக்கன் வரும் வரும்னு. இன்னும் அவருக்குப் புகார் அனுப்பிக்கிட்டிருக்காங்களாம்."

"அப்போ இவர் சொன்னதெல்லாம்...?" என்றாள் என் மனைவி.

ஆதாரம் தூக்கை மேசைமேல் வைத்து, மேலடுக்கைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். முப்பது வருடத்தில் ஒரு மனுவுக்கும் சொல்லாத வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் மனிதருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

"நடந்ததுதாம்மா" என்றார்.